வேற வழி இருக்குது சார்

எல்.ஏ.க்யூ., அதாவது சட்டமன்றக் கேள்வி, வந்துவிட்டது என்றால் அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது. திருவள்ளூரில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கிறார், அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார், நாம் டி.வி.யில் பார்க்கிறோம். அமைச்சர் என்ன, ஊர் ஊருக்கு இருக்கிற பாலத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டா வருகிறார்? அந்தக் கேள்வி பல நாள் முன்னாலேயே கோட்டையிலிருந்து புறப்பட்டுவிடும். துறைச் செயலாளருக்குப் போய், அவர் இயக்குநருக்குத் தள்ளி, இயக்குநர் மாவட்டத்துக்குத் தள்ளி, கடைசியில் ஏதோ ஒரு நாற்காலியில் வந்து விழும். அந்த நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட ஆள் கிடையாது. சுகிர்தா உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்.

எந்தத் துறை என்று கேட்காதீர்கள். எல்லாத் துறையிலும் இதே கூத்துதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பையை மூடி, டிபன் டப்பாவை உள்ளே வைத்து, வேப்பம்பட்டு போகிற ரயிலுக்குக் கிளம்பலாம் என்று அவள் எழுந்தபோதுதான் அது வாட்ஸ்அப்பில் வந்தது. 'மிக அவசரம். இன்றே பதில் அனுப்புக.' சுகிர்தா மறுபடி உட்கார்ந்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு ஒரு தெம்பு வேண்டுமல்லவா, அது இந்த உத்தியோகத்தில் என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'(அ) கும்மிடிப்பூண்டி வட்டம், ஆவாரமேடு காலனிக்குச் செல்லும் சாலையிலுள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக அமைக்க அரசு ஆவன செய்யுமா? (ஆ) ஆம் எனில், எப்போது? (இ) இல்லை எனில், அதற்கான காரணம் என்ன?'

ஆவாரமேடு காலனி அவள் பிறந்த ஊர்.

அந்தத் தரைப்பாலத்தை அவளுக்குத் தெரியாதா? ஓடைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் அதன்மேல் ஆடு படுத்திருக்கும். ஐப்பசியில் மேற்கே மழை பிடித்தால் ஓடை பொங்கி, பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்தாண்ட காலனி, இந்தாண்ட உலகம். காலனியில் ஒருகாலத்தில் எல்லோரும் ஊர்க்காரர்களின் கழனியில் வேலை செய்தவர்கள். மழை வந்தால் கழனியிலும் வேலை இல்லை, ஆகவே ஓடை பொங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது எல்லோரும் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். கம்பெனிக்கு மழை கிடையாது.

இந்தக் கேள்வி சட்டமன்றத்துக்கு வருவது முதல் தடவையும் அல்ல. போன சட்டமன்றத்திலும் வந்தது, அதற்கு முந்தியதிலும் வந்தது. இரண்டு தடவையும் ஒரே பதில். '(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை. (இ) மழைக்காலங்களில் பயன்படுத்த மாற்றுப் பாதை உள்ளதால் உயர்மட்டப் பாலத்தின் தேவை எழவில்லை.' அலுவலகத்தில் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்த சொல் இந்த எழவில்லை. அதைப் போட்டுவிட்டால் அப்புறம் நாற்காலியிலிருந்து யாரும் எழ வேண்டியதில்லை.

போன தடவை அந்தப் பதிலை எழுதியது அவள் அல்ல, அவளுக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர். ஆனால் அவள் தம்பி அருணாச்சலத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. எம்.எல்.ஏ. கொடுத்த பதில் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும், "பாத்துக்கோங்க, எங்க அக்கா ஆபீஸ்லர்ந்து வந்த பதிலு இது. பொறந்த ஊட்டுக்கு அவ செஞ்ச நல்லது" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட இவள் வீட்டுப் படி ஏறவில்லை. ஒரே ஒரு தம்பி. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

"இன்னாமா யோசன? பழைய பதிலையே போட்டுட்டுக் கெளம்புமா" என்றார் தணிகைவேல். அவர்தான் சூப்பிரண்டென்ட். திருத்தணிப் பக்கம் நஞ்சை நிலம் உண்டு, ஓய்வு பெற்றால் போய் நெல் போடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "பதில மாத்தினன்னு வெச்சிக்கோ, ஏன் மாத்துனன்னு தனியா ஒரு பேஜாரு வரும்."

"சார், மாற்றுப் பாதைன்னு போட்டிருக்குதே, அது எந்தப் பாதை சார்?"

"அது இன்னாவோ ஒண்ணு. இருக்குதுன்னு எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சுகிர்தா ஃபோனை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, தம்பியைக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, அதிசயமா கீது. யாருனா பூட்டாங்களா?" இதுதான் அருணாச்சலத்தின் முதல் வார்த்தை.

"யாரும் போவலடா. நம்ம பாலத்துக்கு சட்டமன்றத்துல கேள்வி வந்திருக்குது."

"வரும், வரும். நான்தான் எம்.எல்.ஏ. கைல எழுதிக் குடுத்தேன். இந்தத் தடவையாச்சும் இன்னா சொல்றாங்கன்னு பாக்கறதுக்குத்தான் குந்திக்கினு கீறேன்."

"பதில நான்தான் எழுதணும்."

 அருணாச்சலம் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"யக்கா, நான் எம்.எல்.ஏ.வ கேட்டேன். எம்.எல்.ஏ. மந்திரிய கேட்டாரு. மந்திரி உன்ன கேட்டாரு. நீ என்னிய கேக்குற. சுத்திக்கினு வந்து எங்கிட்டயே நிக்குதா கேள்வி? அப்பறம் இன்னாத்துக்குக் கோட்டைல அம்மாம் பெரிய கட்டடம்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அருணாச்சலம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏஞ்சலினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஏஞ்சலின் அவன் மகள். டிப்ளமோ முடித்து, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கான்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போதே சொல்லிவிட்டானாம், மழை, ஓடை, வெள்ளம் என்று காரணம் சொல்லி நின்றால் அப்படியே நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று. "அவனுக்கு இன்னாக்கா? வடக்கத்திப் பசங்க கம்பெனி உள்ளயே தங்கிக்கினு கீறானுங்க. எங்க காலனிப் பொண்ணுதான் வேணும்னு அவனுக்கு வேண்டுதலா? இந்த ஐப்பசிக்குள்ள பாலம் வேலையாச்சும் ஆரம்பிச்சாங்கன்னா அவன் கைல சொல்லிப் பாப்பேன். இல்லேன்னா கொழந்த வேலை போச்சு."

"சரிடா. இத சொல்லு. மாற்றுப் பாதை இருக்குதுன்னு பழைய பதில்ல எழுதியிருக்காங்க. அது எது?"

"அதான், ஏரிக்கரை மேல ஏறி, பனந்தோப்பு தாண்டி, நைனா ஊரு வழியாப் போயி, ஹைவேல ஏறி, எளாவூர் செக்போஸ்ட்டு தாண்டி இந்தாண்ட வர்றது. நீயும் நானும் இஸ்கூலுக்குப் போவலியா அப்பிடி?"

போயிருக்கிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கரிசல் சேறு கணுக்கால் வரை ஏற, நைனா ஊர் வழியாக. அங்கே ஒரு ரெட்டியார் மாட்டுக்கொட்டகையில் மழைக்கு ஒதுங்கச் சொல்லுவார். அவர் யாரைப் பார்த்தாலும் நைனா என்றுதான் கூப்பிடுவார், அதனால் பிள்ளைகளுக்கு அது நைனா ஊர்.

சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டேய், நைனா ஊரு ஆந்திராடா."

"ஆமா, அந்தாண்ட தெலுங்குக்காரங்கதான்."

"தெலுங்குக்காரங்க இல்லடா, ஆந்திரா. வேற மாநிலம். பனந்தோப்போட நம்ம மாநிலம் முடிஞ்சிபோச்சு. அந்த வழி நம்ம கவர்மென்ட்டு வழியே கிடையாது."

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எல்லையில் பிறந்தவர்களுக்கு எல்லை தெரியாது. செக்போஸ்ட் என்பது லாரிக்காரர்கள் நின்று பேஜாரு படுகிற இடம். காலால் நடக்கிறவனுக்கு அந்தாண்ட, இந்தாண்ட, அவ்வளவுதான். பெண் கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள், அந்தாண்ட கடையில் உப்பு வாங்கி இந்தாண்ட சோறு ஆக்குகிறார்கள். மாநிலம் மாறிப் போகிறோம் என்று யார் நினைத்தார்கள்?

 ஃபோனில் அவனுக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற ஓசை கேட்டது.

"யக்கா" என்றான் அருணாச்சலம். குரல் இறங்கியிருந்தது. "அத சொன்னது நான்தாங்க்கா."

"எத?"

"மொத மொதல்ல, எனக்குக் கல்யாணம்கூட ஆவல, பாலத்தப் பாக்க ஒரு இஞ்சினீயர் ஜீப்ல வந்தாரு. எனக்கு அப்பதான் வேலை கெடச்சுது, புது பேன்ட்டு போட்டுக்கினு நின்னேன். பாலத்துமேல ஏறி நின்னுக்கினு, மூக்க சுளிச்சிக்கினு கேக்குறாரு, 'ஏம்பா, வேற வழியே இல்லாத ஊரா இது?'ன்னு. கேட்ட தினுசு எனக்குப் புடிக்கல. நாம இன்னா தீவுலயா கீறோம்? அதான், 'வேற வழி இருக்குது சார்'ன்னுட்டேன். அவரு சரின்னு எழுதிக்கினு போய்ட்டாரு."

 அன்றைக்கு அவன் கோயில் வாசலில் நின்று திட்டிய பதில், அவன் வாயிலிருந்தே புறப்பட்டு, கோட்டை வரைக்கும் போய், அச்சாகி வந்திருக்கிறது. சுகிர்தாவுக்கு அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. புது பேன்ட் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பையனை நினைத்ததும் திட்ட மனம் வரவில்லை. பாவம், மானமாக ஒரு பதில் சொன்னான். அது இப்படி வந்து முடியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"வுடுடா. நான் எழுதறேன்" என்று ஃபோனை வைத்தாள்.

எழுதினாள். 'மாற்றுப் பாதை எனக் குறிப்பிடப்படுவது பனந்தோப்புக்கு அப்பால் அண்டை மாநில எல்லைக்குள் செல்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் மாற்றுப் பாதை ஏதும் இல்லை.' தணிகைவேல் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

"ஏம்மா, இது டில்லி வரைக்கும் போவும் போலக்கீதே."

"உண்மை சார்."

"உண்மைதான், யாரு இல்லேன்னா? மேல போவச்சொல்லோ எவனாச்சும் வெட்டிடுவான். அந்தப் பாவத்த நான் ஏன் சுமக்கணும்?" சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "வா, வா, ரயில் போய்டும்."

கேள்விகளின் வரிசையில் ஆவாரமேட்டுக்கு ஓர் இடம் கிடைத்தது. எம்.எல்.ஏ. பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டும் கொடுத்தார். அருணாச்சலம் கூப்பிட்டு, "நீயும் வாக்கா" என்றான். வருகிறாயா என்றுகூட இல்லை, வாக்கா என்றான். சுகிர்தா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். சென்ட்ரலில் இருவரும் சந்தித்து, எதிரே பூங்கா நிலையத்தில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி நடந்தார்கள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அதைக்கூட இவ்வளவு நாள் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் துக்கமாக இருந்தது.

ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு மேலே அனுப்பினார்கள். மாடத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட காவலர் ஒருவர், பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். கீழே அவை, டி.வி.யில் பார்ப்பதைவிடச் சின்னதாக இருந்தது. உயரத்தில் பேரவைத் தலைவர், அவருக்கு இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், மூலையில் ஒரு மாடத்தில் கோப்பும் கையுமாக அதிகாரிகள். அமைச்சர் எழுந்தால் அதிகாரிகள் எல்லோருக்கும் முகம் மாறும். யாராவது துணைக் கேள்வி கேட்டால் அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி அமைச்சரிடம் போகும்.

கேள்வி நேரம் ஒரு மணி நேரம். அதில் முதல் கேள்விக்கே உறுப்பினர் தன் கட்சித் தலைவரை வாழ்த்தி, அமைச்சரை வாழ்த்தி, பேரவைத் தலைவரை வாழ்த்தி, அப்புறம்தான் கேள்விக்கு வந்தார். "சுருக்கமாக் கேளுங்க, சுருக்கமாக் கேளுங்க" என்று பேரவைத் தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்? அருணாச்சலம் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்துவிட்டால் மிச்சக் கேள்விகளுக்கு வாய் வழியாகப் பதில் கிடையாது, அச்சடித்த பதிலை மேசைமேல் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள் என்று சுகிர்தா அவன் காதில் சொல்லியிருந்தாள். அவன் உதடு அசைவதைப் பார்த்தாள். ஜெபம் பண்ணுகிறான்.

கடைசிக் கட்டத்தில் வந்தது. அமைச்சர் எழுந்து, "இல்லை. வினா எழவில்லை. மழைக்காலங்களில் பயன்படுத்த மாற்றுப் பாதை உள்ளது" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

சுகிர்தாவின் வரிகளை மேலே யாரோ வெட்டியிருந்தார்கள். தணிகைவேல் சொன்னபடியே. அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் எம்.எல்.ஏ. எழுந்தார். அருணாச்சலம் அவருக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். "பேரவைத் தலைவர் அவர்களே, அமைச்சர் சொல்கிற அந்த மாற்றுப் பாதை ஆந்திராவில் இருக்கிறது. என் தொகுதி மக்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் வேறு மாநிலத்துக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டுமா?"

அவை கொல்லென்று சிரித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். பேரவைத் தலைவரும் சிரித்தார். அருணாச்சலம் சிரிக்கவில்லை. அதிகாரிகள் மாடத்தில் ஒரே பரபரப்பு. சீட்டு ஒன்று வந்து சேர்ந்தது. அமைச்சர் அதைப் பார்த்துக்கொண்டே, "அண்டை மாநிலத்தோடு நமக்கு நல்லுறவு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி" என்றார். மறுபடி சிரிப்பு, மேசையைத் தட்டும் ஓசை. "இருந்தாலும், உறுப்பினரின் கோரிக்கையை ஏற்று, மாற்றுப் பாதையை நம் எல்லை வரை தார்ச்சாலையாக மேம்படுத்த இந்த நிதியாண்டிலேயே நடவடிக்கை எடுக்கப்படும்."

அருணாச்சலம் கை தட்டுவதற்குத் தூக்கிவிட்டான். காவலர் முறைத்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அக்காவைப் பார்த்தான்.

சுகிர்தாவுக்கு அந்தச் சொல் தெரியும். பரிசீலிக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது காற்றோடு போகும். எடுக்கப்படும் என்று சொல்லிவிட்டால் அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, செய்தாயிற்றா செய்தாயிற்றா என்று முடிகிறவரை விடாமல் கேட்கும். அதனால்தான் எந்த அலுவலகத்திலும் அந்தச் சொல்லை எழுதவே மாட்டார்கள். அமைச்சர் வாயிலிருந்து இன்று அது தவறி விழுந்துவிட்டது. ஆனால் எதற்கு விழுந்தது? பாலத்துக்கு இல்லையே. பாதைக்குத்தானே. அதுவும் எல்லை வரைக்கும்தானே.

"எடுக்கப்படும்னு சொல்ட்டாருக்கா! நீ பாத்த இல்ல? எல்லார் முன்னாலயும் சொன்னாரு" என்று வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கோட்டை ஸ்டேஷனில் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான். "இந்த கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் உங்க ஊட்டுக்குத்தான். பிரியாணி நீ செய்யணும்." அவன் பாலத்தைத்தான் கேட்டிருந்தான், அதனால் அவன் காதில் பாலம்தான் விழுந்திருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று சுகிர்தா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் கழித்துத் தம்பி எதிரே உட்கார்ந்து பஜ்ஜியைப் பிட்டுத் தருகிறான். எப்படிச் சொல்வது?

"பாக்கலாம்டா" என்றாள். அந்தப் பாழாய்ப்போன சொல்லைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

சாலை வந்தது. அதுதான் கொடுமை, வந்தேவிட்டது. குழு கேட்கக் கேட்க, கோப்பு ஓடாத ஓட்டமெல்லாம் ஓடி, மழைக்கு முன்னாலேயே காலனியிலிருந்து ஏரிக்கரை வழியாகப் பனந்தோப்பு வரைக்கும் கறுப்பாகத் தார் போட்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடும் இழுத்தார்கள். பனந்தோப்பில் எல்லைக்கல் இருக்கிற இடத்தில் தார் கத்தியால் வெட்டினது போல நின்றது. அதற்கப்பால் பழைய கரிசல் சேறு. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது என்று அறிக்கை எழுதியதும் சுகிர்தாதான்.

"என் சர்வீஸ்ல சட்டமன்றத்துல சொன்னது நடந்து நான் பாத்தது இதாம்மா மொத தடவ" என்றார் தணிகைவேல், ஓய்வு பெறுகிற அன்றைக்கு. சந்தோஷமாகச் சொன்னாரா, நொந்துபோய்ச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஓடை பொங்கியது. தரைப்பாலம் மூழ்கியது. கம்பெனி வேன் ஓடைக்கு இந்தாண்டயே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஏஞ்சலின் புதுத் தார்ச்சாலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். எல்லைக்கல் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போன வண்டி, கல்லைத் தாண்டியதும் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்து, நைனா ஊர் போய், லாரிகளுக்கு நடுவே ஹைவேயைப் பிடித்து, கம்பெனி வாசலுக்குப் போனபோது ஷிஃப்ட் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மறுநாளும் அப்படியே ஆனது. அதற்கு மறுநாள் வாசலிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அருணாச்சலம் ஃபோன் செய்தான். திட்டுவான் என்று சுகிர்தா தயாராக இருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"யக்கா, கொழந்தைக்கு வேலை போச்சு" என்றான். பிறகு, "ரோடு நல்லா கீதுக்கா. ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. நல்லாத்தான் போட்டுக்கீறாங்க" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். அவள் பிரியாணி செய்தாள். சட்டமன்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏஞ்சலின் பாத்திரம் கழுவித் தந்துவிட்டு, டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தொடர் வந்தபோது, மறுபடி ஒரு சாயங்காலம், மறுபடி பையை மூடுகிற நேரம். 'மிக அவசரம்.' ஆவாரமேடு காலனி தரைப்பாலம். சுகிர்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

புதிதாக வந்திருந்த சூப்பிரண்டென்ட் நர்மதா சின்ன வயது. துறைத் தேர்வெல்லாம் எழுதிச் சீக்கிரமே மேலே வந்தவள். கெட்டிக்காரி. "அக்கா, இது ரொம்ப ஈஸி" என்றாள். "பழைய பதில்ல, மாற்றுப் பாதை தார்ச்சாலையாக மேம்படுத்தப்பட்டுள்ளதால் தேவை எழவில்லைன்னு சேத்துடுங்க. இனிமே யாரும் இத கேக்கவே முடியாது பாருங்க."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுகிர்தா (அ) இல்லை என்று அடித்தாள். (ஆ) வினா எழவில்லை. (இ) என்ற இடத்தில் விரல் நின்றது. போன தடவை ஆந்திரா என்ற பேச்சையே எடுக்காமல் விட்டிருந்தால் இந்தத் தார் வந்திருக்காது, அப்போது கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவள் எழுதிய உண்மை, வெட்டுப்பட்டு, சிரிப்பாகி, தாராகி, இப்போது பாலத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. ஆபீஸில் அழுது பழக்கமில்லாததால் ஃபோனை எடுத்தாள்.

"யக்கா, வந்துச்சா?" என்றான் அருணாச்சலம். அவனேதான் மறுபடி எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுத்திருந்தான்.

"வந்திருக்குதுடா."

"இன்னா எழுதப்போற?"

"நீ சொல்லு. அன்னிக்கு அந்த இஞ்சினீயர் கேட்டதையே கேக்குறேன். வேற வழி இருக்குதா?"

பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எங்கோ நகர்ந்து போகிறான் என்று தெரிந்தது. ஓசை குறைந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆள்கள் காதில் விழாத இடத்துக்குப் போகிறான். வேற வழி இல்லாத ஊர்க்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

"இல்ல மேடம்" என்றான். "எங்களுக்கு வேற வழி இல்ல மேடம்."

சுகிர்தா (இ)-க்கு எதிரில் அதை அப்படியே எழுதினாள். மேடம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.